பதினோரு டப்பா

"பதினோரு டப்பாவுலயும் புகையிலை இருக்கு. யாரெல்லாம் போடுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

துணை சுகாதார நிலையத்தின் தரையில் உட்கார்ந்திருந்த பதினோரு தாய்மார்களும் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

"ஏட்டி கற்பகவல்லி, எனக்குத் தராம எங்கன வச்சு மென்ன?" என்று பத்திரகாளி பக்கத்திலிருந்தவளின் இடுப்பில் குத்தினாள்.

"ஒன் மாமியா சுருக்குப்பையில இருந்துதான் எடுத்தேன். போ."

பொன்மணி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் மடியில் எட்டு மாதப் பிள்ளை. பதறாதீர்கள், பிள்ளை நன்றாகச் சிரிக்கும், ஆள் முகம் பார்க்கும். கழுத்துதான் இன்னும் நிற்கவில்லை. அதன் தலையை ஒரு கை எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் நிற்கவில்லை என்று விருதுநகர் வரை போய்க் கேட்டுவிட்டாள். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாமியார் மட்டும் சொன்னாள், வயிற்றில் இருக்கும்போது இவள் எதைத் தின்றாளோ என்று.

இன்று வரும் சோதனைக் காகிதம் பதில் சொல்லும் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தாள்.

ஏழாம் மாதம் வரை பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள் அவள். வெடிக்குள் போகும் ரசாயனத்தை இங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் வெள்ளையாய் மினுங்கும். அது தாயின் உடம்பு வழியாகப் பிள்ளைக்குப் போகிறதா என்று பார்க்கத்தான் மதுரையிலிருந்து இந்த டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்தார். கம்பெனியில் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரிகள் பதினோரு பேர். எல்லாரிடமும் ஒரே நாளில் சிறுநீர் கேட்டார்.

விடிந்ததும் முதலில் போவது வேண்டும். கம்பெனி வேனோ ஆறரைக்கு வந்துவிடும். இந்த இடம் திறக்க ஒன்பது ஆகும். அதனால் வேனுக்குள்ளேயே ஒரு ஐஸ் பெட்டியை வைத்தார்கள். பெண்கள் பேர் ஒட்டிய டப்பாவை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து, பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களை இறக்கிவிட்ட பிறகு வேன் பெட்டியை இங்கே கொண்டுவந்து கொடுத்தது.

டாக்டரம்மா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"மருந்து ஒருத்தர் டப்பாவுலயும் இல்ல. இன்னொண்ணும் இல்ல. வயித்துல பிள்ளை இருந்தா சிறுநீர்ல தெரியும். பதினொண்ணுல ஒண்ணுலகூடத் தெரியல. பதினொண்ணும் ஒரே ஆளோடது." காகிதத்தை மடித்து வைத்தார். "பிள்ளை பெத்தாச்சு, அந்த மாசத்துச் சிறுநீர் இனிமே நமக்குக் கிடைக்காதும்மா."

கற்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். பத்திரகாளி தரையைப் பார்த்தாள்.

அந்த வேனில் டிரைவருக்குப் பின்சீட்டு ஜன்னலை யாரும் திறப்பதில்லை. அவர் துப்பும் புகையிலை எச்சில் காற்றில் வந்து தெறிக்கும். அது பதினோரு பேருக்கும் தெரியும்.

ஒருத்திகூடப் பொன்மணியின் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் திரும்பாததுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

டப்பா கொடுத்த அந்தத் திங்கட்கிழமை, அவள் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே அவள் வீட்டுக்காரர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். உடம்பு சூடு என்றார். பாவம் என்று அவளும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

அதற்கு முந்தின வாரம் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். மருந்து இருப்பது தெரிந்தால் கம்பெனிக்கு சீல் வைத்துவிடுவார்களாம். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

மாதம் முடிவதற்குள் அவர் கைக்குப் புது வேன் வந்தது. நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு குனிந்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தவள் அவள்தான்.

ஊரார் வீட்டுப் பெண்கள் பத்துப் பேருடைய டப்பாவைக் கொட்டினார். சரி. அவளுடையதையுமா?

பிள்ளை பிறந்தபின் அவர் அம்மா, "நீ எதத் தின்னு தொலைச்ச?" என்று கேட்டபோதெல்லாம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாயில் எச்சில் நிறைந்திருந்ததால் பேசவில்லை என்று நினைத்திருந்தாள்.

"அன்னைக்கு வேன் ஓட்டினது யாரு? பேர் சொல்லுங்க, எழுதணும்" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பொன்மணி தலையைக் குனிந்துகொள்வாள். கூட நிற்பவள் சொல்லிவிடுவாள். இன்றைக்கும் சொல்வதற்குப் பத்துப் பேர் கூட இருந்தார்கள். பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை.

பொன்மணி பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்து, உள்ளங்கையால் அணைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சிவபாண்டி."