மட்டமான வேலை

தம்பியின் எலக்ட்ரிக் கிடாரைக் கொடுத்துக் கம்பி மாற்றச் சொல்லிவிட்டுப் போனாள் ஒரு பெண். கம்பிகளுக்கு அடியிலுள்ள விரல் பலகையில் பதித்திருந்த சிப்பிப் புள்ளிகள் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து ரிப்பேர்க்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ” என்று முணுமுணுத்தபடியே எல்லாவற்றையும் சமமாகத் தேய்த்து மெருகேற்றினார்.

மறுநாள் தம்பியோடு வந்தாள்.

“கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன், பாருங்க தம்பி.”

அவன் பலகையில் விரலை ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான்.

“அக்கா, இது என் கிடார்தானா?”

அவள் முகம் வாடிவிட்டது. “இவனுக்குப் பார்வை கிடையாதுண்ணே. தடவி இடம் கண்டுபிடிக்கட்டும்னு எங்கப்பாதான் வேணும்னே தூக்கிப் பதிச்சாரு.”

ரிப்பேர்க்காரர் கிடாருக்குக் கை நீட்டினார்.

“குடுங்க தம்பி, பழையபடியே பதிச்சுத் தரேன்.”

“எவ்வளவு தூக்கணும்னு அப்பாவுக்குத்தாங்க தெரியும்” என்றான் அவன். “அவர் இப்ப இல்லை.”