பால் கொடுக்க மாட்டாத பூனை

மனசு சரியில்லாத பிராணிகள் சாயங்காலத்தில் ஒரு குளக்கரையில் கூடும். அங்கே ஒரு பூனை வந்து சேர்ந்தது. வைக்கோல் போரில் ஈன்ற மூன்று குட்டிகளையும் அது கிட்ட அண்டவிடாமல் கடித்து விரட்டியது. பால் கட்டி வலித்தும் படுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று அதற்கே தெரியாது. பெற்ற எவளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

கூட்டத்தை நடத்தும் ஆமை அதிகம் பேசாது. அதன் எதிரே ஒரு கிழட்டு நாய் சுருண்டு படுத்து, பாலுக்கு ஏங்கும் குட்டியைப்போல் முனகிக்கொண்டிருந்தது.

"பல்லெல்லாம் விழுந்தப்புறம் பாப்பா வேஷமாண்ணே?" என்றது பூனை.

"இங்கே மட்டுந்தான் தாயி. வெளியே போனா குரைக்கணுமே," என்றது நாய்.

பூனை சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. அந்த முனகலைக் கேட்கக் கேட்க, கண் திறக்குமுன்னே யாரோ தன்னைத் தாயிடமிருந்து பிடுங்கிச் சாக்கில் கட்டி எறிந்தது நினைவுக்கு வந்தது. தன்னையறியாமல் நாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, முன்னங்கால்களால் பிசைந்து பிசைந்து பால் தேடியது. ஆண் நாயிடம் பால் ஏது? ஆனாலும் நாய் அசையாமல் கிடந்தது. ஆமையும் தடுக்கவில்லை.

"அம்மா," என்று பூனை அழுதது.

அழுது ஓய்ந்ததும் வைக்கோல் போருக்கு ஓடியது. வயிற்றைக் காட்டிப் படுத்து, "வாங்கடா கண்ணுகளா," என்றது.

இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. மூன்றாவது, அம்மாவின் வாயைப் பார்த்துப் பயந்து, வைக்கோலுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

பூனை எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்திருந்தது.