இருட்டறையில் ஒரு கன்னம்

கண்ணுக்குச் சிக்காத கணத்தைப் பிடிப்பதுதான் புகைப்படக்காரன் கிருபாகரனின் கலை. இருட்டறையில் கேமரா திறந்தே இருக்கும், பக்கத்தில் ஒரு மைக். பேச்சுக்கெல்லாம் அது அசையாது. பல்பு உடைவதுபோல் பட்டென்று சத்தம் கேட்டால் மட்டும் ஃபிளாஷ் தானாக வெட்டி, படம் பதிந்துவிடும். அன்று பல்பு மாட்டிய ஸ்டாண்டை அவன் மனைவி யசோதா இடித்துவிட்டாள். "தெரியாம பட்டுடுச்சுங்க." "காலையிலேர்ந்து சரிபண்ணி வச்சேனேடி, மூதேவி!" மைக்கை அணைக்க மறந்து, குரல் வந்த திசையில் ஓங்கி அறைந்தான். ஃபிளாஷ் வெட்டியது. லைட்டைப் போட்டுப் பார்த்தால், கேமராவின் திரையில் அவள் கன்னம் அலையலையாய் மடிந்திருந்தது. உதட்டிலிருந்து தெறித்த ரத்தம் முத்துமுத்தாய் அந்தரத்தில் நின்றது. "அடடா! ஆயிரம் பல்பு உடைச்சாலும் இது கிடைக்காதுடி!" "வலிக்குதுங்க." "ஓரத்துல என் மூஞ்சி தெரியுது, அதை எடுத்துடலாம். ஃபோகஸ்தான் கொஞ்சம் விலகிடுச்சு. கண்காட்சிக்கு வேணும், இன்னொரு தரம் நில்லு." யசோதா முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அதே இடத்தில் போய் நின்றாள். "சரி, லைட்டை அணைங்க." அணைத்துவிட்டு அருகில் வந்தான். அவன் கையை ஓங்கும் முன்பே பட்டென்று ஒரு சத்தம், ஃபிளாஷ் வெட்டியது. "உன் மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு போய்ப் பாரு," என்றாள் யசோதா.