பதினாலு புள்ளி ரெண்டு

நாலு மெக்கானிக்குகள் கைவிட்டு எங்கள் பட்டறைக்கு வந்த கார் அது. நர்ஸக்கா பிரசவம் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பேட்டரி செத்துக் கிடக்கும்.

"இதை நீ சரி பண்ணிட்டா நான் மீசையை எடுத்துடறேன்" என்றான் அண்ணன்.

பேட்டரியில் குற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். உள்ளே ஒரு டயோடு கெட்டுப்போய், வண்டி நிற்கும்போதெல்லாம் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. அண்ணனோடு வாயடித்தபடியே புது டயோடு போட்டேன். "எடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். "ஆறு பிரசவம்டி! ஒரு தடவைகூட மக்கர் பண்ணல!"

எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். பதினாலு புள்ளி ரெண்டு வோல்ட். சார்ஜ் கச்சிதமாக ஏறுகிறது. அண்ணன் நேரே சலூனுக்குப் போனான். திரும்பி வந்தவனின் மழித்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் நர்ஸக்கா கிளம்பினார்.

நான் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மேசையை ஒழித்தேன். கந்தல் துணிக்கு அடியில், நான் போட்ட புது டயோடோடு, நர்ஸக்காவின் ஆல்டர்நேட்டர் இருந்தது. வண்டியில் திரும்ப மாட்டவே மறந்திருக்கிறேன்.

வெளியே கார் ஸ்டார்ட் ஆனது. மேசைமேல் இருந்த ஆல்டர்நேட்டரின் சக்கரம் தானாக மெல்லச் சுழலத் தொடங்கியது.

அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் துணியைப் போட்டு மூடினேன். ஜெயித்தது ஜெயித்ததுதான்.