இறங்க ஒரு காலி இடம்

"பொய் சொல்றக்கா நீ. மேல போனவங்க யாரும் திரும்பி வரமாட்டாங்கன்னு அப்பாவே சொன்னாரு." "அது மனுஷங்கடி, மக்கு. இது ராக்கெட்டு." சண்டையைத் தீர்க்க அப்பா பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வருகிறார். ஃபிளாஸ்க்கை எடுத்து ராக்கெட் போலக் கையில் பிடித்தபடியே மேலே பறக்கவிடுகிறார். பாதி வழியில் மூடியைக் கழற்றி இடது கையில் உயரப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மெல்ல இறங்கித் தரையில் நிற்கிறது. "இது திரும்ப வந்துடும், கண்ணு. எரிபொருள் ஊத்தினா மறுபடி பறக்கும். இறங்க மட்டும் காலி இடம் வேணும்." சின்னவள் பால்கனியில் கிடக்கும் பொம்மைகளை ஓரமாகத் தள்ளுகிறாள். வெறுந்தரையில் வெயில் பளீரென்று விழுகிறது. அதன் நடுவில், போன மாதம் இறந்துபோன அம்மாவின் செருப்பை ஜோடியாக வைக்கிறாள். "அம்மா இறங்குறப்ப கால் சுடும்ல?" மேலே போன மூடியைக் கீழே இறக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வதென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள்.