டொக்டர் எழுதின கடிதம்

தைப்பொங்கல் நாளும் அதுவுமாகச் சத்தியபாமா டொக்டர் கதிர்காமநாதன் வீட்டுக்குச் சண்டைக்குத்தான் போனாள்.

போகாமல் என்ன செய்வாள்? மகள் ராணிக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வென்ட்வேர்த்வில் வீட்டில் இருப்பதோ இரண்டு அறை, ஆறு பேர். குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படித்துத்தான் ராணி அவ்வளவு மார்க்ஸ் எடுத்தாள். இனியும் அப்படி முடியாது. பல்கலைக்கழக விடுதியில் ஓர் அறை கிடைத்தால்தான் பிள்ளை கரைசேரும். விடுதிச் செலவுக்காகவே சத்தியபாமா பிஸ்கட் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம். முன்பு அங்கே தங்கிப் படித்தவர் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் இடம். மற்றவர்கள் மிச்சம் மீதிக்குக் காத்திருக்க வேண்டும். டொக்டர் முப்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்தவர். அவருடைய மகள் விமலாவும் இந்த வருடம்தான் பல்கலைக்கழகம் போகிறாள். டொக்டர் விடுதிக்குக் கடிதம் கொடுத்துவிட்டாராம் என்று வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் சனம் கதைத்தது.

சத்தியபாமா கதிரையில்கூட உட்காரவில்லை.

"அண்ணை, என்ர பிள்ளை எங்க இருந்து படிச்சவள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். உங்கட சின்னவனுக்குச் சின்னமுத்து அம்மை எண்டு பார்க்க வந்தபோது, கை கழுவப் போன இடத்தில தொட்டிக்குள்ள தலையணையைக் கண்டனான்."

"உங்கட பிள்ளைக்குத் தனி அறை, மேசை எல்லாம் இருக்கு. தகப்பன் படுத்த கட்டில் எண்டதுக்காக மகளுக்கு முதலிடமோ? அப்ப மார்க்ஸ் என்னத்துக்கு?"

விமலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்ரிக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி டொக்டர் அவளைக் குசினிக்கு அனுப்பிவிட்டார்.

"நீங்கள் சொல்லுறது நியாயம், தங்கச்சி," என்றார். "அந்த வழக்கம் எனக்கும் பிடிக்கிறேல்லை."

பிடிக்காத வழக்கத்தில் கடிதம் மட்டும் கொடுக்கலாமாக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமல் வந்துவிட்டாள்.

பெப்ரவரியில் ராணிக்கு அறை கிடைத்தது. விமலாவுக்குக் கிடைக்கவில்லை.

சத்தியபாமாவுக்குக் கால் தரையில் படவில்லை. ஒருவருடைய சிபாரிசும் இல்லாமல் மார்க்ஸுக்குக் கிடைத்த இடம் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். விமலா இனி கிரவீனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் விடியப் புறப்பட்டு, பஸ்ஸும் ரயிலுமாகப் போக வேண்டும் என்று கேள்விப்பட்டபோது மட்டும் மனம் ஒரு கணம் என்னவோ செய்தது.

ராணியைக் கொண்டுபோய் விட்ட அன்று, விடுதிப் பொறுப்பாளரான வெள்ளைக்கார அம்மா கோப்பைத் திறந்து ஏதோ சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ராணியின் முகம் மாறியது.

"என்னவாம்?"

"மார்க்ஸை மட்டும் பார்த்தால் எனக்கு முன்னால நாப்பது பேர் காத்திருக்கினமாம், அம்மா. கதிர்காமநாதன் அங்கிள் என்ர பேரை எழுதிக் குடுத்ததாலதான் இடமாம்."

பொறுப்பாளர் அந்தக் கடிதத்தையே எடுத்துக் கொடுத்தாள். ராணி தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். என் மகளுக்கு வீட்டில் அறை இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இல்லை. ஒரு பெயர்தான் எழுதலாம் என்றால் இவள் பெயரையே எழுதுகிறேன். என் மகளுக்கும் இதில் சம்மதம்.

சத்தியபாமாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தியே? நான் போய் நாலு வார்த்தை கேட்டதில மனுசனுக்குச் சுட்டிருக்கு. மாத்தி எழுதியிருக்கிறார். திகதியைப் பார், பொங்கலுக்கு அடுத்த நாளாத்தான் இருக்கும்."

ராணி கடிதத்தின் மேல் மூலையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முந்தின திகதி, அம்மா. நீங்கள் அங்க நிண்டு ஏசேக்க, இந்தக் கடிதம் இங்க வந்து சேர்ந்திட்டுது."