இடது பக்கம் பாக்கி

முதலாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மசாஜ் மேசைமேல் குப்புறப் படுத்தார். தலைமாட்டில் இருந்த ஓட்டைக்குள் முகத்தைக் கொடுத்தார்.

ஓட்டைக்குக் கீழே ஒரு தட்டு அகலத்துக்குத் தரை தெரிந்தது. அதில் கடையில் வேலை செய்யும் நெட்டையின் இரண்டு வெறுங்கால்கள். வலது பெருவிரலில் நகம் இல்லை.

இந்த மசாஜ் கடையை மாமனார் அவர் கையில் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆட்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, வயதுப்படி மேலிருந்து கோடு போட ஆரம்பித்திருந்தார்.

முதல் கோடு பெரியக்காமேல் விழுந்தது. ஐம்பத்தெட்டு வயது. கழுத்துப் பிடித்தவன், இடுப்புப் பிடித்தவன், மூட்டை சுமந்தே தோள் செத்தவன் என்று இருபத்தாறு வருடம் ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்தியவள். அவள் கையை அவர் பார்க்கவில்லை. பிறந்த வருடத்தைப் பார்த்தார், போதும் என்றார்.

வயது மட்டும் காரணமில்லை. கடையில் எல்லோரும் அவரை சார் என்றார்கள். அவள் ஒருத்திதான், வாடிக்கைக்காரர்கள் முன்னால்கூட, மாப்பிள்ளை என்பாள். அது அவருக்குக் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். வேலை போன அன்றும் தன் துண்டைத் தானே அலசிக் காயப்போட்டுவிட்டு, "கழுத்தப் பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

கழுத்து விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கெல்லாம் அவருக்குக் குடைந்தது.

அடுத்த கோடு நெட்டைக்கு. ஐம்பத்தொன்று. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. காலையில் அத்தனை பேர் முன்னாலும் வந்து நின்றாள்.

"கத்திரிக்கா வாங்குறவன்கூட ஒருதரம் அமுக்கிப் பாத்துட்டுத்தான் வேண்டாங்கிறான். எங்க கையத் தொட்டுப் பாக்காமலே சொத்தைனு எப்பிடி சார் சொல்றீங்க? வந்து படுங்க. வலி எறங்கலேனா நானே போயிக்கிறேன். எறங்கிருச்சுனா, அந்தக் கைக்கு இந்தக் கடையில வேல இருக்கணும்."

மறுத்தால் பயந்துவிட்டார் என்பார்கள். தவிர, வலது தோள்பட்டைக்குக் கீழே மூன்று வருடமாக ஒரு முடிச்சு. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டும். மாத்திரை, ஊசி, காந்தப் பட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. மசாஜ் கடைக்காரனுக்கே முதுகுவலியா என்று சிரிப்பார்களே என்று கடையில் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

வெதுவெதுப்பான எண்ணெய் முதுகில் விழுந்தது. தலைமாட்டில் நின்றபடியே இரண்டு தடவை தடவி விட்டாள் நெட்டை.

"இவ்வளவுதானா?" என்றார் ஓட்டைக்குள்ளிருந்து.

"இப்பத்தானே அடுப்பே பத்த வச்சிருக்கேன். அதுக்குள்ள தட்டத் தூக்கிட்டு வந்தா எப்பிடி சார்?"

பின்கட்டில் துண்டு துவைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. பழைய மெஷின். சுவரே அதிர்ந்தது.

அப்புறம்தான் முழங்கை இறங்கியது.

நேராக முடிச்சுக்குப் போகவில்லை. முதுகெலும்பு ஓரத்தில் தொடங்கி, திருட்டுப் பூனை மாதிரி மெல்ல நகர்ந்து, முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். முழங்கையும் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் அவர் மூச்சை விட்டதும், அந்த மூச்சோடு சேர்ந்து உள்ளே போனது.

அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, நகமில்லாத பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"வலிக்குதா சார்?"

"இல்ல."

"அப்ப வேல நடக்கட்டும்."

முழங்கை இன்னும் ஒரு நூல் இறங்கியது. அந்தக் கால்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. குதிகால்கூட எழும்பவில்லை. இவ்வளவு பாரத்தையும் இறக்கிவிட்டுத் தூண் மாதிரி நிற்கிறாளே என்று அவர் வியந்துகொண்டார்.

மூன்று வருட முடிச்சு, தண்ணீரில் போட்ட மண்ணாங்கட்டி மாதிரி ஓரத்திலிருந்து கரைந்தது. தோளிலிருந்து விரல் நுனிவரை சூடு ஓடியது. கழுத்தை லேசாக அசைத்துப் பார்த்தார். இந்தப் பக்கமும் போனது. அந்தப் பக்கமும் போனது.

தோற்றதை ஒப்புக்கொள்ள அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒத்துக்கிறேம்மா. இந்தக் கைய நான் வெளிய விடமாட்டேன். இது இந்தக் கடையிலதான் இருக்கும்." நிறுத்தி, நியாயஸ்தர் மாதிரி சேர்த்துக்கொண்டார். "பெரியக்காவுக்கு இதுல பாதி இருந்திருந்தாக்கூட, நான் எதுக்கு அனுப்பப் போறேன்?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். மெஷின் ஓடுது, வெளிய இருக்கவங்களுக்குக் கேக்கல."

யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அவர் மறுபடி சொன்னார். ஒரு வார்த்தை குறையாமல், சத்தமாக.



நெட்டையின் கால்கள் பின்வாங்கின. ஒன்று, இரண்டு என்று வட்டத்தைவிட்டு வெளியே போயின. திரை விலகும் சத்தம் கேட்டது. கீழே வெறும் தரைதான் மிச்சம்.

முழங்கை அவர் முதுகிலேயே இருந்தது.

"எந்திரிக்காதீங்க மாப்பிள்ளை. எடது பக்கம் பாக்கி இருக்கு."